குழம்பில் என்ன காய்?

எய்யா,

புனேயில் இன்னும் மழை விடவில்லை என்பது உன் குரல் பதிவிலேயே கேட்டது. பின்னால் தகரத்தில் தண்ணீர் விழுகிற சத்தம். அதைத் திரும்பத் திரும்பப் போட்டுக் கேட்டேன். கேஸை மூடினேனா, கதவைத் தாழிட்டேனா என்று ஒரு சுற்றுப் போய்ப் பார்த்துவிட்டு இப்போதுதான் எழுத உட்கார்கிறேன். அப்பாவுக்கு இந்த வாரம் பட்டான்செரு ஆலையில் இரவு ஷிப்ட். நீ போன பிறகு எனக்கு ஒரு புதுப் பழக்கம் வந்திருக்கிறது. தாழ்ப்பாளைப் போட்ட பிறகும் கை அதன்மேலேயே கொஞ்ச நேரம் இருக்கிறது. நாற்பதுகூட முழுதாக ஆகாதவள் பயப்படுவதில் மட்டும் எழுபது வயதுக்காரி என்று நீ சிரிப்பாய். சிரித்துக்கொள்.

"அம்மா, ஹாஸ்டல்ல நாலு பசங்களச் சேத்துட்டேன். ஒருத்தனுக்கும் ஆடிப் பழக்கமில்ல. ஞாயித்துக்கிழம மொத ஆட்டம். நம்ம மொத நாளு எப்படி ஆரம்பிச்சோம்னு சொல்லு. அப்புறம், அந்தக் கதவ நான் இங்க வச்சுக்கலாமா? நீ வேண்டாம்னா வேண்டாம்" என்று கேட்டிருக்கிறாய். முதல் கேள்விக்குப் பதில் சுலபம். இரண்டாவது கேள்விக்காகத்தான் சமைத்ததை அப்படியே மூடி வைத்துவிட்டு உட்கார்ந்திருக்கிறேன்.

இதை உனக்கு மட்டும் அனுப்பாமல் எல்லோரும் படிக்கிற மாதிரி எழுதுகிறேனே என்று கோபப்படாதே. உன் சிநேகிதி ஆயிஷாவிடமும் கேட்டுவிட்டேன், "எழுதுங்க ஆன்ட்டி, என் பேரும் வரட்டும்" என்றாள். அவள் தெலுங்கிலும் உருதிலும் சொல்வதை நான் தமிழில் எழுதுகிறேன். ஐதராபாத்தில் நம் குகட்பள்ளிக் கட்டடத்துப் பெண்கள் லிஃப்டில் என்னைப் பிடித்துக்கொண்டு, பிள்ளைகள் ஏதோ பேய் விளையாட்டு விளையாடுகிறார்களாமே, நீங்களும் போய் உட்கார்கிறீர்களாமே என்று கேட்கிறார்கள். அவர்களுக்கும் சேர்த்துத்தான் இது. பேய் விளையாட்டு இல்லை. மேசையைச் சுற்றி நாலைந்து பேர் உட்கார்வார்கள். ஒருவர் கதை நடத்துவார். "நீங்கள் ஒரு கட்டடத்துக்குள் இருக்கிறீர்கள், லிஃப்ட் நின்றுவிட்டது, மேலே யாரோ நடக்கிற சத்தம், என்ன செய்கிறீர்கள்?" என்று கேட்பார். மற்றவர்கள் ஆளுக்கொரு கற்பனை ஆளாகி, நான் இதைச் செய்கிறேன், நான் அதைச் செய்கிறேன் என்று வாயால் சொல்வார்கள். செய்ய முடிந்ததா இல்லையா என்பதைப் பகடை சொல்லும். அவ்வளவுதான். பலகை கிடையாது, காய் நகர்த்துவது கிடையாது. அடுத்து என்ன நடக்கும் என்பது கதை நடத்துகிறவருக்கே தெரியாது. அதில்தான் இருக்கிறது அதன் ருசியும் பயமும்.

நம் கதவின் கதை அதற்கும் முன்னால் தொடங்குகிறது. உனக்கு அப்போது ஏழு வயது. எனக்கு அமீர்ப்பேட்டையில் ஆடிட்டர் அலுவலக வேலை, அப்பாவுக்கு மாறி மாறி ஷிப்ட். நீ பள்ளியிலிருந்து வந்து உன் சாவியால் திறந்து உள்ளே போய்த் தாழ்போட்டுக்கொண்டு நான் வரும்வரை தனியாக இருப்பாய். அந்த இரண்டு மணி நேரத்தை நினைத்து அலுவலகத்தில் எத்தனை கணக்கைத் தப்பாகக் கூட்டியிருப்பேன் என்று எனக்கே தெரியாது. அதனால் ஒரு சட்டம் போட்டேன். யார் கதவைத் தட்டினாலும் திறக்காதே. அம்மா குரல் கேட்டாலும் திறக்காதே. "குழம்புல என்ன காய்?" என்று கேள். காலையில் உன் டப்பாவில் வைத்த காய் உனக்கும் எனக்கும் மட்டும்தான் தெரியும். சரியாகச் சொன்னால் திற. நீ அதை விளையாட்டாக எடுத்துக்கொண்டாய். நான் வெண்டைக்காய் என்பேன், உள்ளேயிருந்து தாழ்ப்பாள் சத்தம் கேட்கும், நீ சிரித்துக்கொண்டு நிற்பாய்.

ஒரு நாள் அப்படி நான் வெண்டைக்காய் என்று சொல்லியும் தாழ்ப்பாள் சத்தம் வர நேரமாயிற்று. திறந்தபோது நீ சிரிக்கவில்லை. "நீ முன்னாடியே வந்தியேம்மா" என்றாய். "எப்பய்யா?" "மத்தியானம். எய்யான்னு கூப்ட்டுக் கதவத் தட்டுன. காய் கேட்டேன். முருங்கக்காய்னு சொன்ன. தப்பு. அதான் திறக்கல." மாடி மாடியாய் ஏறி இறங்கி எல்லார் வீட்டிலும் கேட்டேன். யாரும் வரவில்லை, யாரும் பார்க்கவில்லை. வாட்ச்மேன் யாதகிரி கீழே உட்கார்ந்த இடத்தைவிட்டு எழுந்திருக்கவே இல்லை என்று சத்தியம் செய்தான். யோசித்துப் பார், அந்தக் கட்டடத்தில் நம்மைத் தவிரத் தமிழ் பேசுகிற வீடே கிடையாது. அதிலும் எய்யா என்று கூப்பிட, திருநெல்வேலிக்காரி வேறு யார் இருந்தாள்? பிள்ளை தூங்கி எழுந்து கனவைச் சொல்கிறான் என்றார் அப்பா. நான் உன்னை விடாமல் கேட்டேன். என்ன சொன்னது, எப்படி இருந்தது, வேறு என்ன பேசியது என்று. நீ தலையை ஆட்டிவிட்டுப் பொம்மை பஸ்ஸை ஓட்டப் போய்விட்டாய்.

அந்த மழைக்காலத்தோடு உன் தமிழ் நின்றுபோனது. நான் தமிழில் கேட்பேன், நீ தெலுங்கில் பதில் சொல்வாய். பள்ளிக்கூடம் அப்படி, பழகுகிற பிள்ளைகள் அப்படி, ஐதராபாத்தில் எல்லார் வீட்டுக் கதையும் அதுதான் என்று நானும் சமாதானம் சொல்லிக்கொண்டேன். ஊருக்குப் போனால் அத்தைமார் கேலி செய்வார்கள். "ஏட்டி, பிள்ளையப் பெத்தியா, தெலுங்குப் படத்தப் பெத்தியா?" நானும் சேர்ந்து சிரிப்பேன்.

இப்போது முதல் ஆட்டத்துக்கு வருகிறேன். இண்டர் முதல் வருடம், அதாவது பதினொன்றாம் வகுப்பு, முடிந்த கோடை, ஒரு ஞாயிற்றுக்கிழமை. நீ, ஆயிஷா, வினீத் மூன்று பேரும் சாப்பாட்டு மேசையைப் பிடித்துக்கொண்டீர்கள். நீதான் கதை நடத்துகிறவன். விதிப் புத்தகம் இருநூறு பக்கம். முந்தின வாரம் முழுக்க அதைப் படித்துவிட்டுக் குழம்பிப்போய்க் கிடந்தாய். கடைசியில் ஆயிஷாதான் அதைப் பிடுங்கித் தலையணைக்கு அடியில் வைத்தாள் என்று பிறகு கேள்விப்பட்டேன். "நக்கோ ரே, வேண்டாம்டா, பரீட்சைக்கா படிக்கிற? ஒரு வீடு, ஒரு கதவு, வெளியில ஏதோ ஒண்ணு. போதும், ஆரம்பி" என்றாளாம். உன் ஹாஸ்டல் பிள்ளைகளிடமும் அப்படியே ஆரம்பி. ஊர், நாடு, ராஜா, யுத்தம் எல்லாம் பிறகு வந்துகொள்ளும். முதல் நாளைக்கு ஒரே ஓர் இடம் போதும்.

அன்று நான் சமைக்கவில்லை. வெயில். பிள்ளைகளுக்குப் பிரியாணி வாங்கி வருகிறேன் என்று கீழே இறங்கிப் போனேன். திரும்பி வந்தபோது மின்சாரம் இல்லை, லிஃப்ட் ஓடவில்லை. பையைத் தூக்கிக்கொண்டு படியேறி நம் கதவுக்கு முன்னால் வந்து, தட்டக் கையைத் தூக்கினேன். அப்போது உள்ளேயிருந்து என் குரல் கேட்டது.

"எய்யா, கதவத் தொறய்யா. அம்மா வந்திருக்கேம்லா."

தூக்கிய கை அப்படியே நின்றது. உள்ளே இருப்பது நான். அப்படியானால் வெளியே பையோடு நிற்பது யார்? அந்தக் கேள்வி எனக்கு உண்மையாகவே வந்தது, எய்யா. கோடை மத்தியானம், எதிர்வீட்டில் கொடியில் துணி காய்கிறது, நான் பிரியாணிப் பையோடு என் காலையே குனிந்து பார்க்கிறேன். உள்ளே குரல் மறுபடி வந்தது. இழுப்பு, களைப்பு, கடைசியில் நான் விடுகிற அந்தப் பெருமூச்சு, எல்லாம் என்னுடையது. "எவ்வளவு நேரம்யா நிக்கது? கால் வலிக்குய்யா."

வினீத், கதவைத் திறக்காதேடா என்று தெலுங்கில் பதறினான்: "தலுப்பு தீயொத்து ரா!" ஆயிஷா அதையே தன் ஐதராபாத் உருதில் அவனுக்கு மேல் கத்தினாள்: "ஹவ், நக்கோ! தர்வாஜா நக்கோ கோலோ! கேள்வி கேளு, கேள்வி!" பிறகு இரண்டு பேரும் சேர்ந்து, நீ கற்றுக்கொடுத்திருந்த உடைந்த தமிழில் கேட்டார்கள். "குயம்புல என்னா காய்?"

"கத்திரிக்காய்" என்றது என் குரல்.

நான் பயந்துபோய்க் கதவைத் தட்டிவிட்டேன். உள்ளே எழுந்த அலறல் நாலு மாடிக்கும் கேட்டிருக்கும். நாற்காலி ஒன்று விழுந்தது. "நான்தான், அம்மா" என்றேன். சொன்ன பிறகுதான், அதுவும் அதையேதான் சொல்லியிருக்கிறது என்று உறைத்தது. கதவுக்கு அந்தப் பக்கம் மூச்சுச் சத்தம் மட்டும். ஆயிஷாதான் தைரியசாலி. கதவுக்குப் பக்கத்தில் வந்து, "என்னா காய்?" என்றாள்.

"இன்னைக்குக் குழம்பே வைக்கலம்மா. பிரியாணி வாங்கத்தான போனேன்" என்றேன்.

தாழ்ப்பாள் திறந்தது. வினீத் தரையில் உட்கார்ந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். ஆயிஷா என் தோளில் சாய்ந்து, "ஆன்ட்டி, என் உசிரே போச்சு" என்றாள். கதைக்காக என் குரலில் பேசிய நீ மட்டும் மேசைக்குப் பின்னால் நின்றாய். உன் முகத்தில் சிரிப்பு இல்லை. ஏழு வயதில் கதவைத் திறந்துவிட்டு நின்றாயே, அதே முகம்.

சாப்பிட்டானதும் வினீத் கோச்சிங்குக்குக் கிளம்பிவிட்டான். ஓர் ஆள் குறைந்தது. நான் தட்டுகளை எடுத்துக்கொண்டிருந்தேன். நீயும் ஆடுகிறாயா என்று நீ தெலுங்கில், என்னைப் பார்க்காமல் கேட்டாய்: "அம்மா, நுவ்வு ஆடுதாவா?" நானா, எனக்கு என்ன தெரியும் என்றேன். ஆயிஷா நாற்காலியை இழுத்துப் போட்டு என்னை உட்காரவைத்தாள். "ஒண்ணும் தெரிய வேண்டாம் ஆன்ட்டி. மூணு விஷயம் சொல்லுங்க. நீங்க யாரு, கையில என்ன இருக்கு, எதுக்குப் பயம்? ஆபீஸ் அக்கவுண்ட்டன்ட்னு மட்டும் சொல்லாதீங்க, ப்ளீஸ்." கரண்ட் மீட்டர் பார்க்க வருகிறவள் என்றேன். கையில் டார்ச். எதற்குப் பயம் என்பதற்கு மட்டும் வாய் தானாகச் சொன்னது: "வீட்டுக்கு வரப்போ பிள்ள கதவத் தொறக்காம இருந்துருவானோன்னு."

ஆயிஷா எழுதிக்கொண்டாள். நீ பகடையைக் கையில் வைத்து உருட்டிக்கொண்டே இருந்தாய்.

இன்னொரு ஏற்பாட்டையும் அவள் சொன்னாள். யாருக்காவது ஆட்டம் தாங்கமுடியாமல் போனால் மேசையை இரண்டு தடவை தட்டினால் போதும், ஏன் எதற்கு என்று யாரும் கேட்காமல் ஆட்டம் அந்த இடத்தில் நிற்கும். நல்ல ஏற்பாடு. உன் புது நண்பர்களுக்கும் முதலிலேயே அதைச் சொல்லிவிடு. யாருக்குள் என்ன இருக்கிறது என்று தெரியாமல்தானே எல்லோரும் மேசையில் உட்கார்கிறோம்? ஆனால் தட்டுவது வேண்டாம், உள்ளங்கையை விரித்து வைத்தால் போதும் என்று மாற்றிக்கொள். ஏன் என்று உனக்குத் தெரியும்.

ஆட்டம் தொடங்கியது. மீட்டர்காரி ஒரு வீட்டுக்குள் இருக்கிறாள். அந்த வீட்டில் ஒரு சின்னப் பையன் தனியாக இருக்கிறான். வெளியே ஒன்று கதவைத் தட்டுகிறது. நீ கதையைத் தெலுங்கில் சொன்னாய். குரல் வரும்போது மட்டும் தமிழ். அத்தனை வருடமாக உன் வாயில் நான் கேட்காத தமிழ், தண்ணீர் மாதிரி வந்தது. பையன் காய் கேட்கிறான். "முருங்கக்காய்" என்றாய் என் குரலில். தவறான பதில், பையன் திறக்கவில்லை, சரி, இதுதான் நடந்தது, எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான் என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டேன். நீ நிறுத்தவில்லை.

அது போகவில்லை என்றாய். கதவுக்கு வெளியே உட்கார்ந்துவிட்டது. பையன் தரையில் படுத்து, கதவுக்கும் தரைக்கும் நடுவிலிருக்கிற சந்து வழியாகப் பார்க்கிறான். இரண்டு கால்கள். செருப்பு இல்லை. கால் நனைந்திருக்கிறது, விரலிடுக்கில் சேறு. வெளியே வெயில் அடிக்கிறது, மழையே இல்லை. ரொம்ப நேரம் அப்படியே இருந்துவிட்டு அது எழுந்து போகிறது. சாயந்திரம் பையனுடைய அம்மா வருகிறாள். வெண்டைக்காய் என்கிறாள். பையன் திறக்கிறான். அவள் காலில் செருப்பு இருக்கிறது, காய்ந்த கால்.

ஆயிஷா நோட்டிலிருந்து நிமிர்ந்தாள். இது கதை இல்லை என்று அவளுக்குப் புரிந்துவிட்டது. நீ என்னைப் பார்த்து, தெலுங்கில், மெதுவாகச் சொன்னாய். மறுநாள் பள்ளியில் பையன் டப்பாவைத் திறக்கிறான். முருங்கைக்காய். அன்று சாயந்திரம் பெருமழை. கதவு தட்டுகிறது. அம்மா குரல். காய் கேட்கிறான். முருங்கைக்காய் என்கிறது, சரியான பதில். சந்து வழியாகப் பார்க்கிறான். செருப்பு இல்லை. நனைந்த கால், விரலிடுக்கில் சேறு. அதே கால்.

எனக்கு அந்தச் சாயந்திரம் ஞாபகம் வந்தது. குகட்பள்ளி ரோட்டில் முழங்கால் தண்ணீர். ஆட்டோவிலிருந்து இறங்கும்போது செருப்பு வார் அறுந்து ஒன்று தண்ணீரோடு போனது. மற்றதையும் வீசிவிட்டு வெறுங்காலோடு வீட்டுக்கு ஓடினேன், பிள்ளை தனியாக இருக்கிறானே என்று. முந்தின நாள் மாலையே கூடையில் இருந்த முருங்கைக்காயை, நீ சொன்னது கனவுதானே என்று, பார்க்க நன்றாக இருந்ததால், காலையில் குழம்பில் போட்டேன். அதில் யாருடைய ஏவலும் இல்லை. ஆனால் நீ ஏழு வயதுப் பிள்ளை. சந்து வழியாக அந்தக் காலைப் பார்த்துவிட்டு, பதில் சரியாக இருந்த ஒரே காரணத்துக்காக, சட்டத்துக்குக் கட்டுப்பட்டு, தாழ்ப்பாளைத் திறந்திருக்கிறாய்.

"பையன் யாரை உள்ளே விட்டான் என்று பையனுக்குத் தெரியாது" என்றாய் தெலுங்கில். "அன்றிலிருந்து அவன் அதனுடைய பாஷையில் பேசுவதில்லை."

உன் தமிழ் எங்கே போயிற்று என்று எனக்கு அப்போதுதான் தெரிந்தது. பள்ளிக்கூடம் அல்ல. பழகின பிள்ளைகள் அல்ல. அத்தனை வருடம் என் கையால் சாப்பிட்டு, என் பக்கத்தில் தூங்கி, காய்ச்சலில் என் மடியில் கிடந்து, இவள் அவள்தானா என்று ஒரு மூலையில் நினைத்துக்கொண்டே இருந்திருக்கிறாய். ஆயிஷா மெல்ல, "ஆன்ட்டி, நிறுத்தலாமா?" என்றாள். தட்டத்தான் கையைத் தூக்கினேன். தட்டினால் என்ன சத்தம் வரும் என்று நினைத்துக் கையை மேசைமேல் விரித்து வைத்துவிட்டேன்.

நான்தான் உன் அம்மா என்று எதைக் காட்டி நிரூபிக்க? எனக்குத் தெரிந்ததெல்லாம் அதற்கும் தெரியும் என்றால் என்னிடம் மிச்சம் என்ன இருக்கிறது? உட்கார்ந்து யோசித்தேன். நீ காத்திருந்தாய். நல்ல கதை நடத்துகிறவனுக்கு அழகு அதுதான், எய்யா. ஆடுகிறவர் யோசிக்கும்போது வாயை மூடிக்கொண்டு இரு, நீயே முடித்துக் கொடுத்துவிடாதே. "மீட்டர்காரி என்ன செய்கிறாள்?" என்று நீ கடைசியில் கேட்டபோது, நான் பையன் பக்கத்தில் தரையில் உட்காருகிறேன் என்றேன். கதவைத் திறக்கச் சொல்லமாட்டேன். வெளியில் இருப்பது உன் அம்மாவே ஆனாலும் உனக்குப் பயமாக இருந்தால் திறக்காதே என்று சொல்கிறேன். அம்மா என்றால் வெளியே உட்கார்ந்திருப்பாள். எவ்வளவு நேரமானாலும் உட்கார்ந்திருப்பாள்.

நீ அந்த இருபது முகப் பகடையை என் பக்கம் தள்ளினாய். உருட்டினேன். உருட்டின வேகத்தில் அது மேசையைவிட்டுத் துள்ளி, தரையில் ஓடி, ஃபிரிட்ஜுக்கு அடியில் போய்விட்டது. யாரும் எழுந்து போகவில்லை. அது இன்னும் அங்கேதான் கிடக்கிறது. என்ன எண் விழுந்தது என்று யாருக்கும் தெரியாது. நானும் பார்க்கப்போவதில்லை.

"அம்மா" என்றாய். தெலுங்கில்தான். "அது ஏற்கெனவே உள்ளே வந்துவிட்டது என்றால்?"

நான் உன் முகத்தைப் பார்த்தேன். வாயில் வந்ததைச் சொன்னேன். "வந்திருந்தா, இத்தன வருஷமா ஒனக்குச் சோறு பொங்கிப் போட்டது அதுதானய்யா. பரீட்சைக்கு எழுப்பிவிட்டது, அம்மை போட்டப்ப வேப்பிலையோட முழிச்சுக் கெடந்தது, எல்லாம் அதுதான். இனிமே எங்க போகும் பாவம்? இருந்துட்டுப் போட்டுமே."

ஆயிஷாவுக்குத் தமிழ் பாதிதான் புரியும். ஆனாலும் அவள் வாயைப் பொத்திக்கொண்டாள். உன் உதடு ஒரு பக்கமாகக் கோணியது. அழப்போகிறாய் என்று நினைத்தேன். நீ சொன்னாய், தமிழில், உன் சொந்தக் குரலில்:

"இருக்கட்டும். ஆனா அது உப்புதான் கொஞ்சம் கூடப் போடும்."

அந்தச் சிரிப்பில் நாங்கள் மூன்று பேரும் மேசையைப் பிடித்துக்கொண்டது உனக்கு ஞாபகம் இருக்கும். அன்று இரவு நீ என்னிடம் தமிழில் தண்ணீர் கேட்டாய். நான் அடுப்படியில் நின்று செம்பை நிறைத்தேன். அது வழிந்து கால் நனைந்தபோதுதான் குழாயை மூடினேன். ஈரக்காலோடு உன்னிடம் வந்தேன். நீ குனிந்து பார்த்தாய். செம்பை வாங்கிக் குடித்தாய்.

ஆக, முதல் நாள் எப்படி ஆரம்பிப்பது என்று கேட்டாயே, எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான். புத்தகத்தை மூடி வை. ஒரே இடத்தில் தொடங்கு. வெட்கப்பட்டு உட்கார்ந்திருக்கிற பிள்ளையிடம் முதலில் போய், நீ யார், கையில் என்ன இருக்கிறது, எதற்குப் பயம் என்று கேள். வேடிக்கையாகப் பதில் சொன்னால் வேடிக்கையாகவே எடுத்துக்கொள். மூன்றாவது கேள்விக்கு ஒருவன் வாய் தடுமாறினால் அவனைக் குடையாதே. அவன் பாத்திரம் பேசட்டும், அவனாகச் சொல்கிறபோது சொல்லட்டும். நான் உன்னை நேராகக் கேட்டுக் கேட்டு வாங்கமுடியாததை, வேறு ஒரு பையனுடைய கதையாக நீயே மேசையில் கொண்டுவந்து வைத்தாய். இந்த விளையாட்டு இதற்காகத்தான் என்று நான் சொல்லமாட்டேன். சமோசா தின்றுகொண்டு சத்தம் போடுவதற்காகத்தான். ஆனால் அப்படிச் சத்தம் போடுகிற இடத்தில்தான் சில கதவுகள் திறந்துவிடுகின்றன. வெளிச்சம் இருக்கும்போதே முடித்துவிடுங்கள். எல்லோருக்கும் சாப்பாடு வாங்கிக் கொடு. பசியோடு ஒருவனையும் பயமுறுத்தாதே.

இப்போது உன் இரண்டாவது கேள்வி.

ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். பயப்படாதே, பயந்தாலும் பரவாயில்லை. நீ போன பிறகு சாயந்திரம் அலுவலகத்திலிருந்து வந்து நம் கதவுக்கு முன்னால் நிற்கும்போது, சாவி கையிலேயே இருந்தாலும், சில நாள் தட்டிவிடுகிறேன். உள்ளே யாரும் இல்லை என்று தெரியும். "எய்யா, கதவத் தொற" என்றுகூட ஒரு நாள் வாய்விட்டுச் சொல்லிவிட்டேன். சொன்ன பிறகு காத்திருந்தேன். உள்ளேயிருந்து ஒரு சின்னப் பிள்ளை "என்ன காய்?" என்று கேட்டிருந்தால் அன்றைக்கு நான் என்ன பதில் சொல்லியிருப்பேன் என்று யோசித்துப் பார்க்கிறேன். ஒருவேளை உன் ஏழு வயதில் ஒரு நாள் முந்தி வந்ததும், இந்த மாதிரி ஏதோ ஒரு நாளிலிருந்து கிளம்பி, நாளைத் தப்பவிட்டு வந்த நான்தானோ என்னவோ. படித்தவள் பேசுகிற பேச்சா இது என்று அப்பா கேட்பார். ஆனால் அது யாராக இருந்தாலும், பதில் தப்பாக இருந்தபோது நீ திறக்காமல் இருந்தாயே, அது சரிதான். இனியும் அப்படியே இரு. என் குரலாகவே இருந்தாலும் கேட்டுவிட்டுத் திற.

அதனால், அந்தக் கதவை வைத்துக்கொள். அது உன்னுடையது. குரலும் என்னுடையதாகவே இருக்கட்டும், உன் நண்பர்களுக்குப் புரியாத தமிழில், எய்யா என்றே கூப்பிடட்டும். அவர்கள் அலறட்டும். ஒரே ஒரு நிபந்தனை. ஞாயிற்றுக்கிழமை உன் மேசையில் அவர்கள் காய் கேட்பார்கள். உன் வாயில் ஏதாவது ஒரு காயின் பேர் வரும். அது என்ன என்று எனக்குச் சொல்லாதே. திங்கட்கிழமை காலையில் கூடையில் எது நன்றாக இருக்கிறதோ அதைக் குழம்பில் போட்டுவிட்டு, நான் உனக்குப் போன் செய்து சொல்கிறேன்.

அம்மா